அடி வேண்டும், அடித்தவர்கள் வேண்டாமா?

இசைக்கு நிறம் ஏது, சாதி ஏது, நாடு ஏது என்று கேட்கிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. கேட்பவர்கள் யார் என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அநேகமாக அந்த இசையை உண்டாக்கியவர்களாக இருக்க மாட்டார்கள். வாங்கி விற்றவர்களாகவோ, வாங்காமலே எடுத்துக்கொண்டவர்களாகவோ இருப்பார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவன்தான் சோறு எல்லோருக்கும் பொது என்று ஏப்பம் விட்டபடி சொல்வான்.

டீப் ஹவுஸ் என்கிற நடன இசையைப் பற்றி இப்போது நடக்கிற பேச்சும் இப்படித்தான் இருக்கிறது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் கறுப்பு இளைஞர்கள் வீட்டு அறைகளில் உட்கார்ந்து செய்த இசை இது. நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. ஒவ்வொரு அடியிலும் தம் தம் என்று விழுகிற பெரிய டிரம். இடையிடையே கைதட்டல் மாதிரி ஒரு சத்தம். கீழே நடந்து போகிற பேஸ். மேலே ஜாஸ் இசையிலிருந்து வந்த சுரக்கூட்டுகள், கொஞ்சம் துக்கமும் கொஞ்சம் ஆறுதலுமாக மெதுவாக விரியும். ஆர்ப்பாட்டமான மற்ற ஹவுஸ் இசையிலிருந்து பிரித்துச் சொல்ல இதை 'டீப்', அதாவது ஆழமானது என்றார்கள்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது லண்டனிலும் பெர்லினிலும் ஆம்ஸ்டர்டாமிலும் வருகிற புதிய டீப் ஹவுஸ் தட்டுகள் பலவற்றோடு ஒரு விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆதி வேருக்குத் திரும்புகிறோமாம், பழைய அண்டர்கிரவுண்டின் ஆன்மாவை மீட்கிறோமாம். இவற்றில் நல்ல தட்டுகளும் உண்டு. கால் தானாக ஆடும், மறுக்கவில்லை. ஆனால் வேர் என்று எதைச் சொல்கிறார்கள்? யாருடைய வேர்? திரும்பிப் போகிற இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இதையெல்லாம் கேட்காமல் வேர் வேர் என்று உருகுவது, நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு மண்வாசனை பற்றிக் கவிதை எழுதுகிற வேலை.

*

சரி, தோண்டித்தான் பார்ப்போம். முதலில் தட்டுப்படுவது சாம்பல்.

1979 ஜூலை 12. சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்கிற வெள்ளை ரேடியோ அறிவிப்பாளர் ஒரு கூத்து ஏற்பாடு செய்திருந்தார். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் நுழைவுக் கட்டணம் 98 சென்ட்தான். சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவில் குவித்து வெடிவைத்துத் தகர்ப்பார்கள். ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் குதித்து ரகளை செய்ய, அடுத்து நடக்க வேண்டிய ஆட்டமே நடக்காமல் போனது. டிஸ்கோ யாருடைய இசை? கறுப்பர்களும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், தற்பால் விருப்பம் கொண்டவர்களும் வளர்த்த இசை.

அன்று அந்த மைதானத்தில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுகிற வேலையில் ஒரு கறுப்புப் பையன் இருந்தான். பெயர் வின்ஸ் லாரன்ஸ். சிந்தசைஸர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். ஜனங்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பர்களின் பாட்டுகள் என்பதை அவன் கண்ணால் பார்த்தான். வளர்ந்த பிறகு அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார் லாரன்ஸ். பிடிக்காத பாட்டைக் கேட்காமல் இருப்பது ரசனை. ஊர் கூடி அதைக் கொளுத்துவதற்குப் பெயர் வேறு. என்ன பெயர் என்று இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1984இல், அதே வின்ஸ் லாரன்ஸ் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டைச் செய்தார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது அதுதான்.

கொளுத்தப்பட்ட பிறகு டிஸ்கோ எங்கே போனது? பெரிய கம்பெனிகள் கைகழுவின. எங்கிருந்து வந்ததோ அந்த ஜனங்களிடமே அது போய்ச் சேர்ந்தது. சிகாகோவில் 206, தெற்கு ஜெஃபர்சன் தெருவில் இருந்த பழைய கட்டடம் ஒன்றில், நியூயார்க்கிலிருந்து வந்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் வேர்ஹவுஸ் என்ற நடனக்கூடத்தை நடத்தினார். 1977இல் அங்கே தட்டு சுழற்ற அழைத்து வரப்பட்டவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். பிராங்க்ஸில் பிறந்த கறுப்பர், தற்பால் விருப்பம் கொண்டவர். அங்கே வந்தவர்களில் மிகப் பலரும் அப்படித்தான். வெள்ளையர்களின் கேளிக்கை விடுதிகள் நிறத்தைப் பார்த்துத் தடுத்தன. சொந்த வீடும் தேவாலயமும் ஆசையைப் பார்த்துத் தடுத்தன. இரண்டு கதவும் சாத்தப்பட்டவர்களுக்குத் திறந்த மூன்றாவது கதவு அது. சாராயம் கிடையாது, பழரசம்தான். சனிக்கிழமை ராத்திரி தொடங்கினால் ஊரில் தேவாலய மணி அடிக்கிற வரைக்கும், அதற்கு மேலும் ஆட்டம். கடவுளின் கிருபையிலிருந்து விழுந்துவிட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கான தேவாலயம் என்கிற அர்த்தத்தில்தான் நக்கிள்ஸ் அதைப் பற்றிப் பேசுவார்.

பெயரும் அங்கிருந்து வந்ததுதான். சிகாகோவில் இம்போர்ட்ஸ் எட்செட்ரா என்றொரு தட்டுக்கடை. வேர்ஹவுஸில் கேட்டவை என்று எழுதித் தனியாக அடுக்கி வைத்தார்கள். ஜனங்கள் வாயில் அது சுருங்கி 'ஹவுஸ்' ஆனது. அதாவது இந்த இசைக்குத் தாளத்தை வைத்துப் பெயர் வரவில்லை, கருவியை வைத்தும் வரவில்லை. ஓர் இடத்தை வைத்து வந்தது. யாரை உள்ளே விட்டது என்பதற்காக நினைவில் நின்ற இடம். இதை மனசில் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

இனி இசையைச் செய்தவர்களிடம் வருவோம். மார்ஷல் ஜெஃபர்சன் தபால் அலுவலகத்தில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர். சரியாக வாசிக்கத் தெரியாதபோதே கடனுக்கு சிந்தசைஸரும் டிரம் மெஷினும் வாங்கிப் போட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். 1986இல் அவர் கொண்டுவந்த 'மூவ் யுவர் பாடி' ஹவுஸ் இசைக்கே தேசிய கீதம் மாதிரி ஆனது. அதில் பாடிய கர்ட்டிஸ் மெக்ளெய்ன் அவரோடு தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து கவிதை எழுதுகிற எனக்கு இந்தத் தபால்காரர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. கலை என்பது முழுநேரமும் சும்மா இருக்கிறவர்களுக்கு வருவது என்று யார் சொன்னது? வேலைக்கு விற்றது போக மிச்சமிருந்த நேரத்தில் செய்த இசை இது.

டீப் ஹவுஸ் என்று தனியாக ஓர் ஓசை இருக்கிறதென்றால் அதில் முதல் கையெழுத்து லாரி ஹர்ட் போட்டது. சிகாகோவின் தெற்குப் பகுதிக்காரர். ஓர் இசைக்குழுவில் டிரம் வாசித்துக்கொண்டிருந்தவர், மனசில் ஓடுகிற சுரங்களைத் தானே வாசித்துப் பார்க்கலாம் என்று கருவிகள் வாங்கினார். மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் அவர் செய்த 'கேன் யூ ஃபீல் இட்' 1986இல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. பாட்டு வரிகள் கிடையாது. கீழே பேஸ் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மேலே சுரக்கூட்டுகள் விடிகாலையில் வானம் வெளுக்கிற மாதிரி மெதுவாகத் திறக்கின்றன. அவசரமே இல்லை. உலகம் விரட்டிக்கொண்டே இருந்த ஓர் உடம்புக்கு யாரோ தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்கிற மாதிரி இருக்கும். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் 1963இல் வாஷிங்டனில் பேசிய பேச்சை இதன் மேல் ஏற்றியும் ஒரு வடிவம் வந்தது. பொருந்திப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கருவிகள் என்ன பெரிய கருவிகள்! ரோலண்ட் என்கிற ஜப்பானியக் கம்பெனி 1983இல் டிஆர்-909 என்று ஒரு டிரம் மெஷின் கொண்டுவந்தது. அசல் டிரம் மாதிரி இல்லையே என்று பெரிய இசைக்காரர்கள் ஒதுக்கினார்கள். விற்கவில்லை. சீக்கிரமே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். டிபி-303 என்ற பேஸ் கருவிக்கும் அதே கதி. இரண்டும் பழைய சாமான் கடைக்கு வந்தன, சல்லிசாகக் கிடைத்தன. தள்ளிவைத்த இயந்திரங்களைத் தள்ளிவைத்த பையன்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த 909க்கு இன்றைக்குச் சில லட்ச ரூபாய் விலை.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். அந்தக் காலத்து சிகாகோ தட்டுகளைக் கேட்டால் பின்னணியில் ஒரு கரகரப்பு இருக்கும். புதிய தட்டுக்காரர்கள் 'ஆதி ஓசை' என்று உருகுவது பெரும்பாலும் இந்தக் கரகரப்பைத்தான். அது எங்கிருந்து வந்தது? இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாமல் வீட்டில் கேசட்டில் பதிந்தார்கள். கேசட் என்றால் இரைச்சல் இருக்கும். இரண்டாவது, டிராக்ஸ் ரெக்கார்ட்ஸின் முதலாளி லாரி ஷெர்மன் இசைத்தட்டு அச்சடிக்கிற ஆலையும் வைத்திருந்தார். புதிய வினைலுக்குச் செலவழிப்பானேன் என்று பழைய தட்டுகளை அரைத்து உருக்கி, அதிலேயே புதுத் தட்டுகளை அடித்தார். அழுக்கோடு அச்சான தட்டு கரகரக்காமல் என்ன செய்யும்? ஆக அந்தச் சத்தத்தில் பாதி, செய்தவனின் இல்லாமை. மீதிப் பாதி, முதலாளியின் கஞ்சத்தனம்.

தட்டில் மிச்சம் பிடித்தவர் பணத்தில் மட்டும் தாராளமாக இருப்பாரா? 1986 செப்டம்பரில் சிகாகோ ஹவுஸ் தட்டு ஒன்று பிரிட்டனில் முதல் பத்துக்குள் போனது. 1987 ஜனவரியில் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' அங்கே முதலிடத்துக்கே போனது. உலகம் ஆடியது. லாரி ஹர்ட்டும் அவரோடு பாடிய ராபர்ட் ஓவன்ஸும் தங்கள் பாட்டுகளுக்குச் சேர வேண்டியதை டிராக்ஸ் தரவில்லை என்று 2020இல் வழக்குப் போட்டார்கள். 2022இல் சமரசமாகி அந்தப் பாட்டுகளின் உரிமை அவர்கள் கைக்குத் திரும்பி வந்தது. 1986லிருந்து 2022 வரை எத்தனை வருஷம், எண்ணிப் பாருங்கள். 36. அதே 2022இல் மார்ஷல் ஜெஃபர்சன் உள்ளிட்ட இன்னும் பலரும் அதே கம்பெனி மேல் வழக்குக்குப் போனார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு இன்றைய கூத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் சுத்தபத்தமாகச் செய்த இசையின் மேல் கரகரப்பைப் பூசுவதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. ஐஸோடோப் கம்பெனியின் 'வைனல்' என்ற நிரலில் தூசி எவ்வளவு, கீறல் எவ்வளவு, தட்டு எந்தப் பத்தாண்டைச் சேர்ந்ததாகக் கேட்க வேண்டும் என்று திருகிக்கொள்ளலாம். 2016 வாக்கில் 'லோ-ஃபை ஹவுஸ்' என்று ஓர் அலையே அடித்தது. இரைச்சலை வேண்டுமென்றே ஏற்றிச் செய்த தட்டுகள் யூடியூப் தள்ளிவிட்ட வேகத்தில் லட்சக்கணக்கானோரிடம் போயின. அதில் பெயர் வாங்கிய இரண்டு பேர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் டிஜே சைன்ஃபெல்ட், ராஸ் ஃபிரம் ஃபிரெண்ட்ஸ். இரண்டும் அமெரிக்க வெள்ளையர்களின் டிவி நகைச்சுவைத் தொடர்களிலிருந்து எடுத்தவை. ஓசை கறுப்பர் வீட்டுக் கேசட்டிலிருந்து, பெயர் வெள்ளையர் வீட்டு டிவியிலிருந்து. இவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. காது உள்ளவர்கள்தான், சில தட்டுகள் மனசைத் தொடுகின்றன. ஆனால் கிழிந்த சட்டையைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிற நாகரிகம் இது. கிழிசல் வேண்டியிருக்கிறது. கிழியக் கிழிய உழைத்த முதுகு யாருடையது என்று தெரிய வேண்டியிருக்கவில்லை.

*

குரலுக்கும் இதே கதைதான். லோலீட்டா ஹாலோவே சிகாகோவில் தேவாலயப் பாட்டில் வளர்ந்த கறுப்புப் பாடகி. 1980இல் 'லவ் சென்சேஷன்' பாடினார். 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு அவர் குரலை வெட்டி எடுத்து 'ரைடு ஆன் டைம்' என்று ஒரு ஹவுஸ் பாட்டு செய்தது. பிரிட்டனில் அந்த வருஷம் அதிகம் விற்ற தட்டு அது. படத்தில் வாயசைத்தவர் ஒல்லியான ஒரு மாடல் பெண். ஹாலோவேயின் பெயர் இல்லை. வக்கீல்கள் வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

மார்த்தா வாஷுக்கும் இப்படியே நடந்தது. பிளாக் பாக்ஸ் பாட்டுகளிலும், 1990இல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் 'கோனா மேக் யூ ஸ்வெட்' பாட்டிலும் குரல் அவருடையது. படத்தில் வாயசைத்தது வேறொருவர். பருத்த உடம்பு கேமராவுக்கு ஆகாதாம். தொண்டை மட்டும் ஆகுமாம். அவர் விடவில்லை. வழக்குப் போட்டுச் சமரசத்துக்கு வரவைத்தார். பாடியவர் பெயரைத் தட்டில் போட்டே ஆக வேண்டும் என்கிற வழக்கம் அந்தச் சண்டையில்தான் கெட்டிப்பட்டது. இன்றைக்கு ஏதோ ஒரு தட்டின் பின்பக்கத்தில் பாடகியின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறதென்றால் அது யாரோ போட்ட பிச்சை இல்லை, ஒரு பெண் சண்டை போட்டு வாங்கியது.

*

உடனே ஒரு கேள்வி வரும். அப்படியானால் கறுப்பர்கள் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டுமா? மற்றவர்கள் தொட்டால் தீட்டா?

இல்லவே இல்லை. தூய்மை என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு கூசும். ரத்தத்தில் வருகிற உரிமை, பிறப்பால் வருகிற தகுதி என்றெல்லாம் பேசுவது நம் வேலை இல்லை. அதைப் பேசியவர்களால்தான் இத்தனை கேடும். ஹவுஸ் ஒருநாளும் தூய்மையாக இருந்ததில்லை. ஃபிராங்கி நக்கிள்ஸும், மியூசிக் பாக்ஸ் என்ற கூடத்தில் தட்டு சுழற்றிய ரான் ஹார்டியும் இத்தாலிய டிஸ்கோவையும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் கறுப்பர் பாட்டோடு கலந்துதான் வாசித்தார்கள். கருவி ஜப்பான்காரனுடையது. எல்லாம் கலந்த அந்தக் கலப்படம்தான் அதன் அழகு.

கறுப்பர்களிடையே கூட அது ஊர் ஊராகப் போய் மாறியது. தென்னாப்பிரிக்காவில் 1990களில் சோவெட்டோ மாதிரியான கறுப்பர் குடியிருப்புகளின் இளைஞர்கள் ஹவுஸ் தட்டுகளின் வேகத்தைக் குறைத்து, தங்கள் மொழிகளைப் போட்டு, குவைட்டோ என்ற இசையைச் செய்தார்கள். நிறவெறி ஆட்சி ஒழிந்த நாட்களின் சத்தம் அது. இன்றைக்கு அந்த நாட்டில் டீப் ஹவுஸ் என்பது ஏதோ ரசிகக் குழுவின் பதுக்கல் சரக்கு இல்லை. ஷேர் டாக்சியில் கேட்கும், கல்யாண வீட்டில் கேட்கும். டர்பனில் பிறந்த பிளாக் காஃபி 2022இல் கிராமி விருது வாங்கினார். அவர் சிகாகோவைப் பிரதி எடுக்கவில்லை. பழைய கரகரப்பைத் தேடிப் போகவில்லை. ஆனாலும் அந்த வேர் அங்கே பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அதற்குத் தேவைப்பட்ட ஜனங்கள் அங்கே இருந்தார்கள்.

ஆகவே யார் தொடலாம் என்பது என் கேள்வி இல்லை. தொட்டவர்கள் கணக்கை ஒப்படைத்தார்களா என்பதுதான் கேள்வி. பேரேடு போய் கம்ப்யூட்டர் வந்தாச்சு. ஆனாலும் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும் என்கிற விதி எங்கள் வங்கியில் மாறவில்லை. எடுத்ததை எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் ரசனை இல்லை, கையாடல்.

*

கணக்கு ஒப்படைத்த தட்டுகளும் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் போனால் நானும் வெறும் வசைபாடியாகிவிடுவேன்.

சிகாகோவுக்கு அடுத்து டெட்ராய்ட். கார் தொழிற்சாலைகள் மூடி, வெள்ளையர்கள் புறநகருக்குப் போய், பாதி காலியாகிப் போன கறுப்பர் நகரம். அங்கே 1990களில் மூடிமேன் என்ற பெயரில் கென்னி டிக்சன் ஜூனியர், கேடிஜே என்று சொந்தமாகத் தட்டு வெளியிடத் தொடங்கினார். சிகாகோவில் வளர்ந்து டெட்ராய்ட்டுக்கு வந்த தியோ பாரிஷ் 1997இல் சவுண்ட் சிக்னேச்சர் என்ற சொந்த வெளியீட்டைத் தொடங்கினார். இவர்கள் தட்டுகளிலும் கரகரப்பு உண்டு. ஆனால் அது தாங்கள் கேட்டு வளர்ந்த சோல், ஜாஸ், ஃபங்க் தட்டுகளின் கரகரப்பு. அப்பன் வீட்டுத் தூசி. மூடிமேன் பேட்டி கொடுப்பது அபூர்வம். முகத்தை மறைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பார். முகத்தை விற்காமல் இசையை மட்டும் கொடுக்கிறேன் என்கிற வீம்பு. முக்கியமாக, அச்சடிப்பதும் விற்பதும் தங்கள் கையில். சிகாகோவில் அண்ணன்மார்கள் இழந்ததைப் பார்த்துத் தம்பிமார்கள் படித்த பாடம் அது.

இன்னொன்று, டிஜே ஸ்பிரிங்கிள்ஸ் என்ற பெயரில் டெர்ரே தெம்லிட்ஸ் செய்து 2008இல் வந்த 'மிட்டவுன் 120 ப்ளூஸ்'. தெம்லிட்ஸ் வெள்ளையர். பால் அடையாளத்தின் கோடுகளுக்குள் அடங்காதவர். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டி, பாலியல் தொழில் செய்த மாற்றுப்பாலினத்தவர்கள் கூடிய சாலீஸ் என்ற விடுதியில் 1990களின் தொடக்கத்தில் தட்டு சுழற்றியவர். 42ஆம் தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று கம்பெனிகள் வந்தபோது அந்த உலகமே துடைத்தெறியப்பட்டது. இந்தத் தொகுப்பு தொடங்கும்போதே ஒரு குரல் பேசுகிறது. ஹவுஸ் எல்லோருக்கும் பொதுவான அன்பின் இசை என்கிற பேச்சை அது மறுக்கிறது. குறிப்பிட்ட ஜனங்களின் குறிப்பிட்ட நெருக்கடியிலிருந்து வந்த இசை என்று சொல்கிறது. பால் அடையாளச் சிக்கல், மருந்துக்கு அலைதல், வேலையின்மை, தணிக்கை எல்லாம் அந்தப் பேச்சில் வருகின்றன. பிறகுதான் பியானோ வருகிறது. கேட்கிறவருக்கு அதற்குள் தெரிந்துவிடுகிறது, இந்த அழகுக்குப் பின்னால் யார் செத்தார்கள் என்று. வெள்ளையர் ஒருவர் செய்த தட்டு இது. அதனால்தான் சொல்கிறேன், பிரச்சினை தோலில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

செத்தார்கள் என்று சும்மா எழுதவில்லை. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கூடம் 1987இல் மூடப்பட்டது. அதை நடத்திய மைக்கேல் பிராடி அதே வருஷம் எய்ட்ஸில் போனார். அங்கே தட்டு சுழற்றிய லாரி லெவனும் சிகாகோவின் ரான் ஹார்டியும் 1992இல், முப்பதுகளிலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு தலைமுறையே எய்ட்ஸில் கரைந்தது. டீப் ஹவுஸில் கேட்கிற அந்தத் துக்கத்தை மென்பொருளில் திருகி வரவைக்க முடியாது.

கோடிகளில் புரள்கிற பியான்சே 2022இல் 'ரெனசான்ஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். முதலாளித்துவச் சரக்குதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் சிகாகோவில் பிறந்த கறுப்புத் திருநங்கையான ஹனி டிஜோன் வேலை செய்து பெயர் போட்டிருக்கிறார். எடுத்த பழைய பாட்டுகளை எழுதியவர்கள் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. 2023இல் கிராமி மேடையில், இந்த இசை வகையை உண்டாக்கியவர்கள் பால்புதுமையினர்தான் என்று பியான்சே நன்றி சொன்னார். ஒரு பெரிய கம்பெனிச் சரக்கால் இவ்வளவு செய்ய முடியும்போது, அண்டர்கிரவுண்ட் என்று மார்தட்டுகிற சின்ன வெளியீட்டுக்காரர்களுக்கு என்ன கேடு?

*

சிகாகோவின் தெற்கில் ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் 1923இல் கட்டிய வங்கிக் கட்டடம் ஒன்று மூடிக்கிடந்து இடிபடும் நிலைக்கு வந்தது. தியாஸ்டர் கேட்ஸ் என்ற கறுப்புக் கலைஞர் அதை நகராட்சியிடமிருந்து ஒரு டாலருக்கு வாங்கிப் புதுப்பித்து, 2015இல் கலைக்கூடமாகத் திறந்தார். ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014இல் இறந்த பிறகு அவருடைய இசைத்தட்டுகள் அங்கேதான் வைக்கப்பட்டன. ஒரு காலத்தில் கறுப்பனுக்குக் கடன் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்டவை அமெரிக்க வங்கிகள். அப்படியொரு வங்கிக் கட்டடத்தில் இன்றைக்கு அவர்களுடைய தட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. எனக்குத் தெரிந்து ஒரு வங்கிக்கு நேர்ந்த நல்ல காரியங்களில் இது ஒன்று. வேர்ஹவுஸ் இருந்த கட்டடமும் கைமாறி ஆபத்துக்குள்ளானபோது ஜனங்கள் மனுப் போட்டார்கள். 2023 ஜூனில் சிகாகோ நகர மன்றம் அதை நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

கட்டடம் தப்பித்தது. நல்லது. ஆனால் கட்டடத்தைக் காப்பதும் பழைய சத்தத்தைக் காப்பதும் மட்டும் போதுமென்றால் வேர் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். அந்த இடத்தின் பெயர் ஏன் இசைக்கு வந்தது என்று முன்னால் சொன்னேன், கதவைத் திறந்ததற்காக. இன்றைக்கு வேருக்குத் திரும்புகிறோம் என்று தட்டு போடுகிறவர்களின் விழாக்களில் நுழைவுச்சீட்டு என்ன விலை? வாசலில் நிற்கிற காவலாளி யாரை மேலும் கீழும் பார்க்கிறான்? மேடையில் தட்டு சுழற்ற எத்தனை கறுப்பர், எத்தனை பெண்கள், எத்தனை திருநங்கையர்? எடுத்த துண்டு இசைக்கு யார் பெயர் போட்டிருக்கிறது, பணம் யார் வீட்டுக்குப் போகிறது? அந்த ஊர்களில் இன்றைக்கு வீட்டிலிருந்தும் வழிபாட்டு இடத்திலிருந்தும் துரத்தப்படுகிற ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளை அந்த வாசலில் வந்து நின்றால் உள்ளே விடுவார்களா?

இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவர்கள் போடுகிற தட்டில் கரகரப்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணாடி மாதிரி சுத்தமாகவே இருக்கட்டும், அது அந்த வேரில் முளைத்ததுதான். பதில் இல்லாதவர்கள் 909ஐ லட்சம் கொடுத்து வாங்கி, கேசட்டில் பதிந்து, தூசியைக் கொட்டிக் கொடுத்தாலும் அது கடன்தான். கடனை யாராவது ஒருநாள் கேட்டு வருவார்கள். லாரி ஹர்ட் 36 வருஷம் கழித்து வாங்கியிருக்கிறார்.